மில் தொழிலாளி அப்பாவுக்கு ஒரு நினைவு நூல்: எங்கே தொடங்குவது?

கேள்வி: என் அப்பா கோவையில் ஒரு பஞ்சாலையில் ஸ்பின்னிங் சைடராக, அதாவது நூற்பு மிஷின்களின் பக்கங்களை (சைடு) கவனிக்கும் ஆளாக, வேலை பார்த்தார். 1971இல் பதிலி ஆளாகச் சேர்ந்தவர், 1998இல் மில்லை மூடும்வரை அங்கேதான் இருந்தார். பிறகு ஒரு கிரைண்டர் கம்பெனியில் வேலை. போன வருடம் காலமாகிவிட்டார். வருஷத் திதிக்கு இன்னும் நான்கு மாதம் இருக்கிறது. அன்று வரும் சொந்தக்காரர்களுக்கும் அப்பாவோடு வேலை பார்த்தவர்களுக்கும் கொடுக்க ஒரு சின்னப் புத்தகம் போட ஆசை. எழுத உட்கார்ந்தால் "கடின உழைப்பாளி, பாசமானவர், யார் மனதையும் நோகடிக்காதவர்" என்று அரைப் பக்கத்தோடு நின்றுவிடுகிறது. அரை நைட் முடிந்து வரும்போது எங்களுக்குத் தேங்காய் பன் வாங்கி வருவார். அதைத் தவிர எழுத என்ன இருக்கிறது என்று தெரியவில்லை. பழைய போட்டோக்கள் பிரேம் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டுவிட்டன. மில் மூடியபின் அப்பா சில மாதம் யாரிடமும் பேசாமல் இருந்தார். அதை எழுதக் கூடாது என்கிறார் அண்ணன். வழி சொல்லுங்கள்.
– வாசகி, சிங்காநல்லூர்

பதில்: அன்புள்ள வாசகிக்கு,

"அதைத் தவிர" என்று ஒதுக்கிவிட்டீர்களே, அந்தத் தேங்காய் பன்தான் உங்கள் புத்தகத்தின் முதல் பக்கம். கடின உழைப்பாளி, பாசமானவர் என்பதை எந்த அப்பாவின் படத்துக்குக் கீழேயும் போடலாம், போடுகிறார்கள். ஆனால் நள்ளிரவில் ஷிப்ட் முடித்து வந்தவருக்கு எந்தப் பேக்கரி திறந்திருந்தது? மில் கேட்டுக்கு எதிரிலா, வருகிற வழியிலா? சைக்கிளில் வந்தாரா, நடந்தா? உங்களை எழுப்பிக் கொடுத்தாரா, காலையில் கண்ணில் படும்படி வைத்துவிட்டுப் படுத்தாரா? வீட்டில் எத்தனை பேர், வாங்கி வந்தது எத்தனை பன்? இதற்கெல்லாம் பதில் தேடி எழுதினால் ஒரு பக்கம் நிறைந்துவிடும். அந்தப் பக்கத்தில் உழைப்பு, பாசம் என்ற சொற்கள் இல்லாமலே இரண்டும் படிப்பவருக்குத் தெரியும். புத்தகம் முழுவதற்கும் இந்த ஒரு வழி போதும்.

நான்கு மாதத்தில் முதல் மாதம் எழுதவே வேண்டாம், சேகரியுங்கள். எது சீக்கிரம் கைவிட்டுப் போகுமோ அதை முதலில் எடுங்கள். பெரும்பாலானவர்கள் பீரோவில் இருக்கும் காகிதத்தில் ஆரம்பிப்பார்கள். காகிதம் இன்னும் பத்து வருடம் இருக்கும். அப்பாவோடு ஒரே ஷெட்டில் நின்ற ஆட்களுக்கு இப்போது எழுபதைத் தாண்டியிருக்கும். அவர்களைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

அவர்களிடம் போய், "அப்பா எப்படிப்பட்டவருங்க?" என்று கேட்காதீர்கள். இறந்தவரைப் பற்றி யாரும் குறை சொல்ல மாட்டார்கள். "தங்கமான மனுசன்" என்ற பதில்தான் வரும், பேச்சு அங்கேயே முடிந்துவிடும். வேலையைப் பற்றிக் கேளுங்கள். "கேட்டுக்குள்ள நுழைஞ்சதும் முதல்ல என்ன செய்வீங்க?", "ஒரு ஆளுக்கு எத்தனை சைடு பார்க்கக் குடுத்தாங்க?", "பக்கத்து மிஷின்காரரை எப்படிக் கூப்பிடுவீங்க, அந்தச் சத்தத்துல?" என்று தொடங்கினால் அப்பா தானாகவே பேச்சுக்குள் வந்துவிடுவார். ஷிப்ட் நேரம் மில்லுக்கு மில் மாறும் என்பதால் பகல் ஷிப்ட், அரை நைட், முழு நைட் எத்தனை மணிக்குத் தொடங்கி எத்தனை மணிக்கு விட்டது என்று மறக்காமல் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அந்த நேரங்கள்தான் உங்கள் வீட்டின் நேரமாகவும் இருந்திருக்கும்: சோறு எப்போது, தூக்கம் எப்போது, பிள்ளைகள் எப்போது சத்தம் போடக் கூடாது என்பதெல்லாம்.

பதிவு செய்ய செல்போனே போதும். மின்விசிறியையும் டிவியையும் நிறுத்துங்கள், போனை ஏரோப்ளேன் மோடில் போட்டு, பேசுபவருக்கு ஒன்றிரண்டு அடி தூரத்தில் மடித்த துண்டின் மேல் வையுங்கள். மேசையில் நேராக வைத்தால் டம்ளர் வைக்கும் சத்தமெல்லாம் இடிபோல் விழும். முதல் வரியாகத் தேதி, இடம், பேசுபவர் பெயர் மூன்றையும் நீங்களே சொல்லிப் பதியுங்கள். புத்தகத்துக்காகத்தான் பதிகிறேன் என்பதையும் சொல்லி அனுமதி வாங்கிவிடுங்கள். முக்கால் மணிக்கு மேல் வயதானவர்களை உட்கார வைக்காமல் இன்னொரு நாள் போங்கள். இரண்டாவது முறை போகும்போதுதான் நல்ல விஷயங்கள் வரும், நடுவில் அவர்களுக்கே பல ஞாபகம் வந்திருக்கும். அவர் பேச்சை நிறுத்தினால் அடுத்த கேள்வியை உடனே போடாமல் கொஞ்சம் பொறுங்கள்.

ஒன்றை மட்டும் வீடியோவாக எடுங்கள்: அறுந்த நூலை ஒட்டுவது. சைடரின் முக்கிய வேலை அதுதான். சுற்றிக்கொண்டிருக்கும் கதிரை நிறுத்திப் பிடித்து, பாபினில் நூல் முனையைக் கண்டுபிடித்து, வளையத்தில் ஓடும் டிராவலர் என்ற சின்னக் கொக்கியில் கோத்து, மேலே இருக்கும் கம்பிக் கண்ணியில் ஏற்றி, கதிரை விட்ட அதே நொடியில் முன் உருளையிலிருந்து வரும் பஞ்சிழையோடு முனையைச் சேர்க்க வேண்டும். பழகிய ஆளுக்குச் சில நொடி வேலை. ஷிப்ட் முழுக்க மிஷின்களுக்கு நடுவே நடந்துகொண்டே இதைச் செய்ய வேண்டும். அப்பாவின் நண்பரிடம் ஒரு நூலைக் கொடுத்துச் செய்து காட்டச் சொல்லுங்கள். வாயால் விளக்கத் தெரியாததை விரல் காட்டிவிடும். அப்பாவின் ஆள்காட்டி விரலில் நூல் கீறிய தடம் இருந்ததா என்று அம்மாவிடம் கேட்டுப் பாருங்கள்.

அப்பா என்ன நம்பர் நூல் ஓட்டினார் என்பதையும் நண்பர்களிடம் கேளுங்கள். நூல் எவ்வளவு மெல்லியது என்பதைச் சொல்வது அந்த நம்பர். 40ஆம் நம்பர் என்றால் ஒரு பவுண்டு எடையில் தலா 840 கெஜம் கொண்ட 40 சிட்டம், அதாவது 33,600 கெஜம். கிட்டத்தட்ட 30.7 கிலோமீட்டர். ஒரு பவுண்டு நூலுக்கே இவ்வளவு. பேரப் பிள்ளைகள் இந்தக் கணக்கை ஒருபோதும் மறக்க மாட்டார்கள்.

அப்பா வீட்டில் சத்தமாகப் பேசுவாரா? டிவியை அதிகமாக வைப்பாரா? கோபக்காரர் என்று அக்கம்பக்கத்தில் பெயர் உண்டா? ஸ்பின்னிங் ஷெட்டின் இரைச்சலில் இருபது முப்பது வருடம் நின்றவர்களுக்குக் காது மந்தமாவது மிகவும் சகஜம். தங்கள் குரல் உயர்வது அவர்களுக்கே கேட்காது. நூல் அறாமல் இருப்பதற்காக ஷெட்டில் ஈரப்பதம் ஏற்றி வைத்திருப்பார்கள், அதில் வியர்வை காயாது. பஞ்சுத் தூசி அதிகம் குடித்தவர்களுக்கு வார லீவு முடிந்து போகும் முதல் நாள் நெஞ்சு இறுக்கமாக இருக்கும். பஞ்சைப் பிரித்துச் சுத்தம் செய்யும் ப்ளோ ரூம், கார்டிங் ஆட்களுக்கு இது இன்னும் கடுமை. அப்பாவின் குரலையும் இருமலையும் அவர் சுபாவம் என்று நினைத்திருந்தால், அதில் எவ்வளவு மில் கொடுத்தது என்பதைப் புத்தகத்தில் சொல்ல வேண்டும். அது அவருக்குச் செய்யும் நியாயம்.

அடுத்து அப்பாவின் செல்போன். பயன்படுத்தாத பிரீபெய்ட் எண்ணைச் சில மாதத்தில் துண்டித்து வேறொருவருக்குக் கொடுத்துவிடுவார்கள். 120 நாள் திறக்காத வாட்ஸ்அப் கணக்கும் நீக்கப்படும். ஒரு வருடம் ஆகப்போகிறது என்பதால் அவர் போனில் இருந்தவை போயிருக்கலாம், ஆனால் உங்களுக்கும் அண்ணனுக்கும் அவர் அனுப்பிய குரல் செய்திகள் உங்கள் போன்களில் இருக்கும். அந்த உரையாடலைத் திறந்து, மெனுவில் 'எக்ஸ்போர்ட் சாட்' போய், மீடியாவையும் சேர்த்து உங்கள் மின்னஞ்சலுக்கு அனுப்புங்கள். போன் மாற்றும்போது தொலைவது இந்தக் குரல்கள்தான். "சாப்டியா?" என்று மட்டும் கேட்கும் நான்கு நொடிச் செய்தியாக இருந்தாலும் விடாதீர்கள்.

கண்ணாடியில் ஒட்டிய போட்டோவைத் தயவுசெய்து பிரிக்க முயலாதீர்கள். போட்டோவின் மேல் பூச்சு ஜெலட்டின். ஈரம் பட்டு இளகிக் கண்ணாடியோடு பிடித்துக் காய்ந்திருக்கும். இழுத்தால் முகம் கண்ணாடியிலும் தாள் கையிலும் வரும். தண்ணீரில் ஊறவைக்கச் சொல்லும் வீடியோக்களையும் நம்ப வேண்டாம். பிரேமையும் பின் அட்டையையும் மட்டும் கழற்றி, கண்ணாடியின் வெளிப்பக்கத்தைத் துடைத்து, அப்படியே ஸ்கேனரில் கண்ணாடி கீழே இருக்கும்படி வையுங்கள். ஸ்கேனரில் வைக்க முடியாத பெரிய படமாக இருந்தால், ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி சுவரோரம் நிறுத்தி, பிளாஷ் இல்லாமல் போனில் எடுக்கலாம். பிரதிபலிப்பு வராமல் இருக்க, எடுப்பவர் பின்னால் ஒரு கறுப்புத் துணியைக் கட்டிவிட்டால் போதும்.

ஸ்கேன் அளவில் பலரும் ஏமாறுவது பாஸ்போர்ட் படத்தில்தான். அஞ்சலட்டை அளவுப் படத்துக்கு 600 டி.பி.ஐ. (ஒரு அங்குலத்துக்கு இத்தனை புள்ளி என்ற கணக்கு) போதும். 3.5க்கு 4.5 செ.மீ. உள்ள பாஸ்போர்ட் படத்தை 1200இல் எடுத்தால்தான், அச்சுக்குத் தேவையான 300 டி.பி.ஐ.யில் 14க்கு 18 செ.மீ. வரை பெரிதாக்கலாம். உங்கள் புத்தகத்தில் ஏறக்குறைய ஒரு முழுப் பக்கம். டிஃப் கோப்பாகச் சேமியுங்கள். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கிவிடும், 'டாக்குமென்ட்' ஆக அனுப்பச் சொல்லுங்கள். ஒவ்வொரு படத்தின் பின்புறத்தையும் ஸ்கேன் செய்யுங்கள். ஸ்டுடியோ முத்திரை, எண், சில சமயம் தேதி கூட இருக்கும். யார் யார் என்று எழுத மென்மையான பென்சில் மட்டும்தான், அதுவும் ஓரத்தில். பால்பாயின்ட் பேனா முன்பக்கம் தடம் போடும். லேமினேஷன் வேண்டவே வேண்டாம், அதைத் திரும்ப எடுக்க முடியாது.

இப்போது காகிதங்கள். இவை பேசும், கேட்கத் தெரிந்தால். இ.எஸ்.ஐ. அட்டை, பி.எப். சீட்டு, மில் அடையாள அட்டை, சம்பளச் சீட்டு, சங்கச் சந்தா ரசீது, ரேஷன் கார்டு, மொய் நோட்டு எல்லாவற்றையும் தேதிவாரியாக அடுக்குங்கள். மில் மூடியபோது கொடுத்த கிராஜுவிட்டி (பணிக்கொடை) கணக்கு கிடைத்தால் அது பெரிய புதையல். 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி, கடைசி மாதச் சம்பளத்தை 26ஆல் வகுத்து, 15ஆல் பெருக்கி, வேலை செய்த வருடங்களால் பெருக்கினார்கள். எடுத்துக்காட்டுக்கு, சம்பளம் 3,900 என்றால் ஒரு வருடத்துக்கு 2,250. கொடுத்த தொகை 54,000 என்றால் 24 வருடம். 1998இலிருந்து பின்னால் போனால் 1974. அவர் 1971இல் சேர்ந்ததாகச் சொல்கிறீர்கள். அப்படியொரு இடைவெளி உங்கள் கணக்கிலும் வந்தால், அது பெரும்பாலும் பதிலியாக இருந்த காலம். பதிலி ஆள் ஷிப்ட் தொடங்கும் நேரத்துக்குக் கேட்டில் போய் நிற்க வேண்டும். யாராவது வராமல் போனால்தான் உள்ளே வேலை, இல்லையென்றால் கூலி இல்லாமல் வீடு திரும்ப வேண்டும். அந்த வருடங்களில் எத்தனை நாள் அப்படித் திரும்பினார் என்று எந்தக் காகிதத்திலும் இருக்காது. அப்பாவின் நண்பர்களுக்குத் தெரியும்.

அடகுச் சீட்டுகள் இருந்தால் கூச்சப்பட்டு ஒளிக்காதீர்கள். நகையை மீட்டபின் சீட்டை அடகுக் கடையில் வாங்கிக்கொண்டிருப்பார்கள் என்றாலும், சில வீடுகளில் ஒன்றிரண்டு தங்கியிருக்கும். அவற்றின் மாதத்தைப் பாருங்கள். ஜூன் மாதத்தில் வைத்து தீபாவளி போனஸ் வந்ததும் மீட்டிருந்தால், அது உங்கள் பள்ளிக்கூடச் செலவாக இருக்க வாய்ப்பு அதிகம். எந்த நகை என்று அம்மாவுக்கு நினைவிருக்கும். அம்மாவை எதிரில் உட்கார வைத்துக் கேள்வி கேட்க வேண்டாம். பெட்டியை நடுவில் வைத்து இருவரும் சேர்ந்து பிரித்துப் பாருங்கள், போன் பக்கத்தில் ஓடட்டும். ஆஸ்பத்திரி பில், ஏ.டி.எம். சீட்டு போன்ற வழவழப்பான தாள்களை அன்றே படமெடுத்துவிடுங்கள். அவை சூட்டில் அச்சான எழுத்துகள், சில வருடத்தில் வெறும் வெள்ளையாகிவிடும்.

பிறந்த தேதியில் குழப்பம் வரும், கலங்க வேண்டாம். அந்தக் காலத்தில் பள்ளியில் சேர்க்க வாத்தியாரே ஒரு தேதி போடுவது வழக்கம். ஜாதகம் இருந்தால் அதை நம்புங்கள். ஆனால் தமிழ் வருடத்தை ஆங்கில வருடமாக்கும்போது மாதத்தைக் கவனிக்க வேண்டும். நந்தன வருடம் என்றதும் 1952 என்று எழுதிவிடுவார்கள். நந்தன மாசியில் பிறந்தவருக்கு அது 1953 பிப்ரவரி-மார்ச். வருடம் தெரியாத சம்பவங்களுக்கு ஊரறிந்த நிகழ்வுகளை வைத்துக் கேளுங்கள்: 1964 டிசம்பரில் தனுஷ்கோடிப் புயல், 1969 பிப்ரவரியில் அண்ணா மறைவு, 1975 அக்டோபரில் காமராஜர் மறைவு, 1987 டிசம்பரில் எம்.ஜி.ஆர். மறைவு. "எம்.ஜி.ஆர். செத்தப்ப நாம எந்த வீட்டுல இருந்தோம்?" என்றால் உடனே பதில் வரும். "எந்த வருசம்?" என்றால் வராது.

எழுதும்போது பிறப்பிலிருந்து இறப்பு வரை வரிசையாகப் போக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. தேதி வரிசையைக் கடைசியில் ஒரு பக்கத்தில் தனியாகப் போட்டுவிடலாம். முதலில் ஒரு அரை நைட் நாளை மட்டும், அவர் கண் விழித்ததிலிருந்து வீடு திரும்பும்வரை எழுதுங்கள். பிறகு பதிலி வருடங்கள், ஒரு சம்பள நாள், உங்கள் படிப்பு, மில் மூடல், கிரைண்டர் கம்பெனி. சம்பள நாளுக்குத் தனிப் பகுதி கொடுங்கள். கவரைப் பிரித்து யாரிடம் எவ்வளவு கொடுத்தார், மளிகைக் கடைப் பாக்கி எவ்வளவு, தனக்கென்று என்ன எடுத்துக்கொண்டார் என்பதில் ஒரு மனிதர் முழுதாகத் தெரிவார். கோவை மில்களின் வரலாற்றை மூன்று வரிக்கு மேல் எழுத வேண்டாம். 1888இல் முதல் மில், 1930களில் பைகாரா மின்சாரம் வந்தபின் மளமளவென்று பெருகியது என்று சொல்லிவிட்டு அப்பாவிடம் வந்துவிடுங்கள். தெரிந்தவர்கள் ஆர்வத்தில் ஐந்து பக்கம் எழுதிக் கொடுப்பார்கள். நன்றி சொல்லி வாங்கி வையுங்கள், சேர்க்காதீர்கள்.

மில் மூடியபின் இருந்த மௌனத்தைப் பற்றி. எழுத வேண்டும் என்பதே என் கருத்து. இருபத்தேழு வருடம் சங்குச் சத்தத்துக்கு எழுந்து போனவர், ஒருநாள் போக இடமில்லாமல் திண்ணையில் உட்கார்ந்திருந்தார் என்றால், வேலை அவருக்கு என்னவாக இருந்தது என்பதை அதைவிட யாரும் சொல்லிவிட முடியாது. அதை விட்டுவிட்டால், நாற்பதைத் தாண்டிய வயதில் புதிதாக ஒரு கம்பெனியில் வேலை கற்றுக்கொண்டாரே, அந்தப் பெரிய காரியத்தின் கனமும் தெரியாமல் போகும். அண்ணன் பயப்படுவது அப்பாவைத் தோற்றவராகக் காட்டிவிடுவோமோ என்றுதான். அந்தப் பயத்தை மதியுங்கள். "மனமுடைந்து போனார்" என்பது போன்ற தீர்ப்பு எதுவும் வேண்டாம். மூடிய தேதி, பாக்கித் தொகை எப்போது வந்தது, அந்த மாதங்களில் வீட்டுச் செலவு எப்படி நடந்தது, அவர் பகலில் எங்கே உட்காருவார், முதலில் யாரிடம் பேசினார், கிரைண்டர் கம்பெனியில் சேர்த்துவிட்டது யார் என்று நடந்ததை மட்டும் எழுதுங்கள். ஒரு பக்கம் போதும். எழுதி முடித்ததும் முதலில் அம்மாவுக்குப் படித்துக் காட்டுங்கள், அம்மா வேண்டாம் என்பதை எடுத்துவிடுங்கள். பிறகு அண்ணனிடம் கொடுத்து, அந்த மாதங்களில் அவர் பார்த்ததை அவர் பெயரிலேயே ஒரு பத்தி எழுதித் தரச் சொல்லுங்கள். எழுத மறுத்தால் சொல்லச் சொல்லி நீங்கள் எழுதிக்கொள்ளலாம். கடன், பங்காளித் தகராறு போன்றவற்றில் உயிரோடு இருப்பவர் பெயர் வந்தால் மட்டும் தயங்காமல் நீக்குங்கள். திதி வீட்டில் சண்டை வரக் கூடாது.

அச்சு வேலை. ஒரு பாரம் (சேர்த்து அச்சாகும் பக்கத் தொகுதி) 16 பக்கம் என்பதால் 48 பக்கமாகத் திட்டமிடுங்கள், மூன்று பாரம். சாதாரணப் புத்தக அளவான டெம்மி 1/8இல், 12 புள்ளி எழுத்தில் பக்கத்துக்குச் சுமார் 200 சொல் கொள்ளும். ஆக நீங்கள் எழுத வேண்டியது எட்டாயிரம் சொல்லுக்கு உள்ளேதான். உள்தாள் 70 ஜி.எஸ்.எம். (தாளின் கனத்தைச் சொல்லும் அளவு) மேப்லித்தோ, நடுவில் படங்களுக்கு மட்டும் 130 ஜி.எஸ்.எம். ஆர்ட் பேப்பரில் எட்டுப் பக்கம், அட்டைக்கு 300 ஜி.எஸ்.எம். ஆர்ட் போர்டில் மேட் லேமினேஷன். இவ்வளவு மெல்லிய புத்தகத்துக்கு முதுகில் பசை போட்டு ஒட்டும் பெர்ஃபெக்ட் பைண்டிங் கேட்காதீர்கள். முதுகில் பசை பிடிக்க இடமில்லாமல் நான்கு முறை விரித்ததும் பக்கம் கழன்று வரும். நடுவில் மடித்துப் பின் அடிக்கும் சென்டர் பின் போதும். நூறு, இருநூறு பிரதி என்றால் டிஜிட்டல் அச்சு, அதற்கு மேல் போகப்போக ஆஃப்செட் கட்டுப்படியாகும்.

பிழை புகும் இடம் ஒன்று உண்டு. நீங்கள் போனில் யூனிகோடில் தட்டச்சு செய்து கொடுப்பீர்கள். டி.டி.பி. சென்டர் அதைத் தங்கள் பழைய எழுத்துருவுக்கு மாற்றும்போது கொம்பும் காலும் பிரிந்து ஓடும், 'ஸ்ரீ' காணாமல் போகும், மேற்கோள் குறிகள் வேறு எழுத்தாக மாறும். கணினித் திரையில் பார்த்து சரி என்று சொல்லிவிடாதீர்கள். தாளில் புரூஃப் வாங்கி, ஒருமுறை பெயர்களையும் தேதிகளையும் மட்டும் கடைசிப் பக்கத்திலிருந்து முன்னோக்கிப் பாருங்கள். கதையோடு படித்தால் கண் பிழையைத் தாண்டிவிடும். படத்தின் அடியில் இருக்கும் பெயர்களை அந்தந்தக் குடும்பத்தாரிடமே காட்டிச் சரிபாருங்கள். நினைவு நூலில் ஒருவரின் பெயரையோ உறவுமுறையையோ தவறாகப் போட்டால் அந்த வருத்தம் தீராது.

திதி நாள் ஆங்கிலத் தேதியோடு பொருந்தாது, சில நாள் முன்பின்னாக வரும். இப்போதே பஞ்சாங்கம் பார்த்து நாளைக் குறித்துவிட்டு, அதற்கு ஐந்து வாரம் முன்பே எழுத்து வேலை முடியும்படி பாருங்கள். வடிவமைப்புக்கு ஒன்றரை வாரம், இரண்டு புரூஃபுக்கு ஒரு வாரம், அச்சுக்கும் பைண்டிங்குக்கும் பத்து நாள், மிச்சம் தாமதத்துக்கு. முகூர்த்த மாதமாக இருந்தால் அச்சகங்களில் பத்திரிகை வேலை குவிந்திருக்கும், இன்னும் ஒரு வாரம் கூட்டிக்கொள்ளுங்கள். நண்பர்களின் குரல் பதிவுகளை உங்கள் போனில் மட்டும் வைக்காமல் ஒரு ஹார்ட் டிஸ்கிலும் அண்ணன் வீட்டிலும் ஒவ்வொரு பிரதி போட்டு வையுங்கள். பேசிக் கொடுத்தவர்களில் நடமாட முடியாதவர்கள் இருப்பார்கள். அவர்களுக்குப் புத்தகத்தைத் திதிக்கு முன்பே வீட்டில் கொண்டுபோய்க் கொடுங்கள். கண் தெரியாதவராக இருந்தால், அவர் சொன்ன பகுதியை மட்டுமாவது பக்கத்தில் உட்கார்ந்து, கொஞ்சம் சத்தமாகவே, படித்துக் காட்டிவிட்டு வாருங்கள்.